ஒரு பாக்டீரியப் பேரினத்துக்குப் பெயர் வருவது எப்படி? லாக்டோபேசில்லஸ் பிரிந்த வரலாற்றை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர்கள் பலருக்கும் முதல் திட்டப்பணி தயிரிலோ இட்லி மாவிலோதான் தொடங்குகிறது. மாவைக் கரைத்து, நீர்த்து, தட்டில் பரப்பி, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வெண்மையாகச் சின்னச் சின்னக் காலனிகள். கிராம் பாசிட்டிவ், கேட்டலேஸ் நெகட்டிவ். அறிக்கையில் “லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம்” என்றோ “லாக்டோபேசில்லஸ் ஃபெர்மெண்டம்” என்றோ எழுதி முடித்துவிடுவது வழக்கம். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்கிறார்: “அது இப்போது லாக்டிபிளாண்டிபேசில்லஸ் அல்லவா?” மாணவருக்குக் கை நடுங்குகிறது. எப்போது மாறியது, யார் மாற்றினார்கள், பழைய பெயரை எழுதினால் தவறா என்று எதுவும் தெரியவில்லை.

இந்தக் கேள்விகளுக்குத் தமிழில் நேராகப் பதில் சொல்லும் கட்டுரை கிடைக்காததால் இதை எழுதுகிறேன். ஒரு பேரினத்தை எப்படி வரையறுக்கிறார்கள், எப்படிப் பெயர் வைக்கிறார்கள், பிறகு அதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். எடுத்துக்காட்டு முழுவதும் லாக்டோபேசில்லஸ்தான். 1901இல் டச்சு அறிவியலாளர் பெயெரிங்க் வைத்த பெயர் அது. 2020 மார்ச் கணக்குப்படி அதற்குள் 261 சிற்றினங்கள் இருந்தன. அடுத்த மாதமே அது 25 பேரினங்களாகப் பிரிந்தது. பெயரிடல் விதிகள் ஏறக்குறைய அத்தனையும் இந்த ஒரே நிகழ்வில் வேலை செய்வதைப் பார்க்க முடியும்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சொல்லும் பேரினம், சிற்றினம் என்ற சொற்களையே இங்கே எழுதுகிறேன். இலங்கைப் பாடநூல்களில் இவை சாதி, இனம் என்று வரும். அங்கே படித்தவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்: மூன்று வேலைகளைப் பிரித்து வையுங்கள்

வகைப்பாடு, பெயரிடல், அடையாளம் காணல் ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள். குழப்பத்தில் பாதி இவற்றை ஒன்றாகப் பார்ப்பதால் வருகிறது.

எது எதனோடு சேரும் என்று முடிவுசெய்வது வகைப்பாடு. அது அறிவியல் கருத்து. இரண்டு ஆய்வாளர்கள் ஒரே தரவைப் பார்த்து இரண்டு விதமாகப் பிரிக்கலாம், இருவருக்கும் அந்த உரிமை உண்டு. அப்படிப் பிரித்த குழுவுக்கு என்ன பெயர் செல்லும் என்று சொல்வது பெயரிடல். இதில் கருத்துக்கு இடமில்லை, புரோகேரியோட் (உட்கரு இல்லாத நுண்ணுயிர்) பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பு சொல்வதே சட்டம். உங்கள் தட்டில் உள்ள காலனி ஏற்கெனவே பெயருள்ள எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது அடையாளம் காணல். மாணவர் திட்டப்பணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த மூன்றாவது வேலைதான்.

“அதிகாரபூர்வப் பெயரிடல்” என்று ஒன்று உண்டு, “அதிகாரபூர்வ வகைப்பாடு” என்று ஒன்று கிடையாது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வருவதெல்லாம் எளிதாகிவிடும்.

படி 1: டைப் எது என்று தேடுங்கள்

ஒரு பேரினத்தைப் பற்றி எதைப் படிக்கத் தொடங்கினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. டைப் என்றால் ஒரு பெயர் எதோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்த மாதிரி. பாக்டீரியப் பெயர் ஒரு வரையறையோடு கட்டப்பட்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். “கோல் வடிவம், கிராம் பாசிட்டிவ், லாக்டிக் அமிலம் தரும், ஆகவே லாக்டோபேசில்லஸ்” என்பது அந்த நினைப்பு. உண்மையில் பெயர் கட்டப்பட்டிருப்பது உயிருள்ள ஒரு வளர்ப்போடு. சிற்றினத்தின் பெயர் ஒரு டைப் ஸ்ட்ரெயினோடு (ஸ்ட்ரெயின் என்பது ஒரு சிற்றினத்துக்குள் தனியாகப் பிரித்து வளர்த்த தூய வழிமரபு) கட்டப்பட்டிருக்கும். பேரினத்தின் பெயர் ஒரு டைப் சிற்றினத்தோடு கட்டப்பட்டிருக்கும். குடும்பத்தின் பெயர் ஒரு டைப் பேரினத்தோடு.

லாக்டோபேசில்லஸின் டைப் சிற்றினம் லாக்டோபேசில்லஸ் டெல்புரூக்கி. ஜெர்மன் நொதித்தல் அறிஞர் மாக்ஸ் டெல்புரூக்கின் பெயரால் வந்தது. (பின்னாளில் பாக்டீரியோஃபேஜ் ஆய்வுக்காக நோபல் பெற்ற மாக்ஸ் டெல்புரூக் வேறொருவர்.) அதன் டைப் ஸ்ட்ரெயின் அமெரிக்கச் சேகரத்தில் ஏடிசிசி 9649, ஜெர்மன் சேகரத்தில் டிஎஸ்எம் 20074. இரண்டும் ஒரே ஸ்ட்ரெயின். லாக்டோபேசில்லஸ் என்ற சொல் உலகில் எங்கே எழுதப்பட்டாலும் அதன் நங்கூரம் உறைநிலையில் இருக்கும் அந்தச் சிறு குப்பியில் இருக்கிறது.

விதி சொல்வது இது: ஒரு பேரினத்தைப் பிரித்தால், டைப் சிற்றினம் எந்தத் துண்டில் விழுகிறதோ அந்தத் துண்டுக்கே பழைய பெயர். துண்டு சிறியதா பெரியதா என்பது கணக்கில் வராது. அதனால்தான் 2020க்குப் பிறகும் தயிரின் பல்காரிகஸ் லாக்டோபேசில்லஸாகவே இருக்கிறது. அதன் முழுப் பெயர் லாக்டோபேசில்லஸ் டெல்புரூக்கி துணைச்சிற்றினம் பல்காரிகஸ், டைப் சிற்றினத்தின் உட்பிரிவு. அதற்கு நெருங்கிய உறவான அசிடோஃபிலஸ், ஹெல்வெடிகஸ், காஸ்ஸெரி, கிரிஸ்பேட்டஸ் ஆகியவையும் பழைய பெயரிலேயே நிற்கின்றன. பிளாண்டாரம், ஃபெர்மெண்டம், கேசி, ரேம்னோசஸ், ராய்டெரி எல்லாம் வெளியே போயின.

டைப் ஸ்ட்ரெயினின் வலிமையைப் புரிந்துகொள்ள கேசி வழக்கை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. 1980இல் ஒப்புதல் பெற்ற பெயர்ப் பட்டியலில் லாக்டோபேசில்லஸ் கேசியின் டைப் ஸ்ட்ரெயின் ஏடிசிசி 393. சிக்கல் என்னவென்றால், ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் “கேசி” என்று அழைக்கப்பட்ட பெரும்பாலான ஸ்ட்ரெயின்கள் மரபணு அளவில் 393ஐப் போல இல்லை. 1989இல் அந்தப் பெருங்கூட்டத்துக்கு பாராகேசி என்ற புதுப் பெயர் வந்தது. எல்லோருக்கும் பழகிய பெயரைப் பெருங்கூட்டத்துக்கே விட்டுவிட்டு டைப்பை ஏடிசிசி 334க்கு மாற்றலாமே என்று வேறு சிலர் மனுப் போட்டார்கள். நடைமுறை வசதி அவர்கள் பக்கம் இருந்தது என்பதே என் எண்ணமும். ஆனால் பெயரிடல் வழக்குகளை விசாரிக்கும் நீதி ஆணையம் 2008இல் தன் 82ஆம் தீர்ப்பில் மறுத்துவிட்டது. கேசியின் டைப் 393தான், பாராகேசி என்ற பெயரும் செல்லும் என்றது. வசதிக்காக ஒருமுறை நங்கூரத்தைத் தூக்கினால் பிறகு எந்தப் பெயரும் ஓரிடத்தில் நிற்காது. ஆகவே பல ஆண்டுகளாகக் “கேசி” என்று விற்ற பல ஸ்ட்ரெயின்கள் இன்று பாராகேசி. ஜப்பானிய புளித்த பால் பானமான யாகுல்ட்டில் இருக்கும் ஷிரோட்டா ஸ்ட்ரெயினும் அப்படித்தான் பெயர் மாறியது.

படி 2: தூய வளர்ப்பும் அடிப்படைக் குணங்களும்

இந்தப் படியில் புதுமை ஏதுமில்லை. ஆனால் அவசரப்பட்டால் பின்னால் வரும் எல்லாம் வீண். ஒரே காலனியை எடுத்து மூன்று முறையாவது கோடிழுத்து வளர்த்துத் தூய்மையை உறுதிசெய்யுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு எம்ஆர்எஸ் ஊடகம் போதும். 1960இல் டி மான், ரோகோசா, ஷார்ப் மூவரும் உருவாக்கியதால் அந்தப் பெயர். இட்லி மாவில் லியூகோநாஸ்டாக்கும் லாக்டோபேசில்லஸ் கூட்டமும் பீடியோகாக்கஸும் கலந்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் கோலும் உருண்டையும் சேர்ந்து தெரிந்தால் உங்கள் வளர்ப்பு இன்னும் தூய்மையாகவில்லை.

குளூக்கோஸிலிருந்து வாயு வருகிறதா என்ற சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். லாக்டிக் அமிலம் மட்டுமே தருபவை ஒருவகை. லாக்டிக் அமிலத்தோடு எத்தனாலோ அசெட்டிக் அமிலமோ கார்பன் டைஆக்சைடும் தருபவை இன்னொரு வகை. இட்லி மாவு பொங்குவது இரண்டாம் வகையின் வேலை, முக்கியமாக லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸின் வேலை. வாயுவைப் பிடிக்கத் தலைகீழாக வைக்கும் சிறு குழாயான டர்ஹாம் குழாயை வைக்கும்போது சிட்ரேட் சேர்க்காத எம்ஆர்எஸ் திரவத்தைப் பயன்படுத்துங்கள். வழக்கமான எம்ஆர்எஸ்ஸில் சிட்ரேட் இருக்கிறது. சில பாக்டீரியா அதையும் உடைத்து வாயு தரும், முடிவு பொய்யாகிவிடும்.

டென்மார்க்கின் ஓர்லா-ஜென்சன் 1919இல் வளரும் வெப்பநிலையையும் சர்க்கரையை உடைக்கும் விதத்தையும் மட்டும் வைத்து இந்தக் கூட்டத்தை தெர்மோபாக்டீரியம், ஸ்ட்ரெப்டோபாக்டீரியம், பீட்டாபாக்டீரியம் என்று மூன்றாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து முழு ஜீனோம்களை ஒப்பிட்டபோது, வாயு தருபவையும் தராதவையும் மரத்தில் பெரும்பாலும் தனித்தனிக் கிளைகளாகவே நின்றன. டிஎன்ஏ என்றால் என்னவென்று தெரியாத காலத்தில் ஒருவர் குழாயில் எழுந்த குமிழியைக் கவனித்து இவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

படி 3: 16எஸ் மரபணு

ரைபோசோமின் 16எஸ் ஆர்என்ஏவுக்கான மரபணு சுமார் 1,500 காரங்கள் நீளம். எல்லா பாக்டீரியாவிலும் உண்டு, மிக மெதுவாகவே மாறும். 1977இல் கார்ல் வூஸ் பாக்டீரியா போலத் தோன்றும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்துக் காட்டியதும் இந்த ஆர்என்ஏவை வைத்துத்தான். 27எஃப், 1492ஆர் என்ற பிரைமர் இணையால் பெருக்கி, சாங்கர் முறையில் வரிசை படித்து, ஈஸிபயோகிளவுட் போன்ற தளத்தில் டைப் ஸ்ட்ரெயின்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். பொதுத் தரவுத்தளத்தில் முதலில் வந்து நிற்கும் பெயரை அப்படியே எழுதாதீர்கள். அங்கே யாரும் எந்தப் பெயரிலும் வரிசையைப் பதிந்திருக்கலாம்.

98.7 விழுக்காட்டுக்குக் கீழே ஒற்றுமை என்றால் புதிய சிற்றினமாக இருக்க வாய்ப்பு வலுவானது. சுமார் 94.5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் புதிய பேரினமா என்று யோசிக்கலாம். இந்த எண்கள் வழிகாட்டிப் பலகைகள். அவற்றையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு மேலே இருந்தால் ஒரே சிற்றினம் என்றும் சொல்ல முடியாது. பிளாண்டாரம், பென்டோசஸ், பாராபிளாண்டாரம் மூன்றுக்கும் 16எஸ் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒன்றே. இந்த மூன்றில் எது உங்கள் கையில் இருக்கிறது என்று 16எஸ் சொல்லாது. ரெக்ஏ போன்ற வேறு மரபணு வேண்டும், அல்லது முழு ஜீனோம் வேண்டும். 16எஸ் மட்டும் பார்த்துவிட்டு “பிளாண்டாரம்” என்று உறுதியாக எழுதும் அறிக்கைகள் ஏராளம். “பிளாண்டாரம் குழு” என்று எழுதியிருந்தால் அவை நேர்மையாக இருந்திருக்கும்.

படி 4: முழு ஜீனோம்

சிற்றின எல்லைக்கு முன்பு டிஎன்ஏ-டிஎன்ஏ இணைவுச் சோதனை இருந்தது. இரண்டு ஸ்ட்ரெயின்களின் டிஎன்ஏவைக் கலந்து 70 விழுக்காட்டுக்கு மேல் இணைந்தால் ஒரே சிற்றினம் என்று 1987இல் ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்தது. உழைப்பு மிகுந்த, ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் சோதனை அது. இன்று இரண்டு ஜீனோம்களைக் கணினியில் ஒப்பிட்டுச் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை பார்க்கிறோம். 95 முதல் 96 விழுக்காடு எல்லை. பழைய 70 விழுக்காட்டின் கணினி வடிவமும் உண்டு. ஜெர்மன் சேகரமான டிஎஸ்எம்இசட் நடத்தும் இணையச் சேவையில் ஜீனோமைக் கொடுத்தால் அது டைப் ஸ்ட்ரெயின்களோடு ஒப்பிட்டுத் தரும். ஜீனோம் வரிசையில் குறைந்தது 50 மடங்கு ஆழம் (ஒவ்வோர் இடமும் சராசரியாக 50 முறை படிக்கப்பட்டிருப்பது) இருக்கட்டும், கலப்படம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேரினம் என்று வந்ததும் நியூக்ளியோடைடு ஒற்றுமை கைகொடுக்காது. அவ்வளவு தொலைவில் அது இரைச்சலாகிவிடும். புரதங்களின் அமினோ அமில ஒற்றுமையையும், பொதுவாக இருக்கும் புரதங்களின் பங்கையும், எல்லா ஜீனோமிலும் இருக்கும் மையமரபணுக்களை வைத்து வரைந்த மரத்தையும் பார்க்க வேண்டும்.

படி 5: பேரினத்தின் எல்லையை வரைவது

இதுவே மிகக் கடினமான படி. சிற்றினத்துக்கு ஊரறிந்த ஓர் எல்லை எண் இருக்கிறது, பேரினத்துக்கு அப்படி எல்லோரும் ஏற்ற எண் கிடையாது. ஆகவே பல சான்றுகளை அடுக்கி வாதிட வேண்டும். லாக்டோபேசில்லஸ் வழக்கில் சான்றுகள் எப்படி அடுக்கப்பட்டன என்று பாருங்கள்.

பழைய லாக்டோபேசில்லஸில் குவானின், சைட்டோசின் பங்கு ஏறக்குறைய 32 விழுக்காட்டிலிருந்து 57 விழுக்காடு வரை விரிந்து கிடந்தது. ஒரே பேரினத்துக்குள் 10 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் வேறுபாடு இருப்பது சரியல்ல என்பது நெடுங்கால மரபு. 2015இல் 213 ஜீனோம்களை ஒப்பிட்ட ஆய்வு, இந்த ஒரு பேரினத்துக்குள் இருக்கும் வேறுபாடு வழக்கமான ஒரு குடும்பத்துக்குள் இருப்பதையும் மிஞ்சுகிறது என்று காட்டியது.

அதைவிட வலுவான காரணம் மரத்தில் இருந்தது. ஒரு பேரினம் என்றால் ஒரு மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் எல்லாமும் அதற்குள் இருக்க வேண்டும். லாக்டோபேசில்லஸ் மரத்தை வரைந்தால் நடுவிலிருந்து பீடியோகாக்கஸ் கிளைவிடுகிறது. வாயு தரும் கிளைக்குப் பக்கத்தில் லியூகோநாஸ்டாக்கும் அதன் உறவினரும் நிற்கிறார்கள். உருண்டையாக இருந்ததால் அவர்களைத் தனிப் பேரினம், தனிக் குடும்பம் என்று வெளியே வைத்திருந்தோம். அண்ணன் தம்பிகளில் ஒருவரை மட்டும் வேறு குடும்ப அட்டையில் எழுதிய மாதிரி.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. எல்லாவற்றையும் ஒரே பேரினமாகச் சேர்க்கலாம், அல்லது பிரிக்கலாம். சேர்த்தால் என்ன ஆகும் என்று பலரும் யோசிப்பதில்லை. பேரினங்களை இணைக்கும்போது விதிப்படி பழைய பெயரே முந்தும். லாக்டோபேசில்லஸ் 1901, லியூகோநாஸ்டாக் 1878. விதிவிலக்கு வாங்காவிட்டால் தயிரும் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் தரும் அத்தனை சிற்றினங்களும் லியூகோநாஸ்டாக் ஆகியிருக்கும். பிரிப்பதே சரியான வழி என்று நான் முழுமையாக நம்புகிறேன்.

2020 ஏப்ரலில் ஜின்ஷூய் ஜெங், மைக்கேல் கென்ஸ்லே, சாரா லெபீர் உள்ளிட்ட பல நாட்டு ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். மையமரபணு மரம், அமினோ அமில ஒற்றுமை, ஒரு கிளைக்கு மட்டும் உரிய மரபணுக்கள், உடலியல், வாழிடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 25 பேரினங்கள் என்று முடிவுசெய்தார்கள். சுருக்கப்பட்ட லாக்டோபேசில்லஸ் ஒன்று, புதியவை 23. இருபத்தைந்தாவது பாராலாக்டோபேசில்லஸ். அதன் வரலாறு சுவையானது. மலேசியாவின் சில்லி போ என்ற மிளகாய் விழுதிலிருந்து பிரித்த ஒரு பாக்டீரியாவுக்கு 2000இல் பாராலாக்டோபேசில்லஸ் செலாங்கோரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். சிலாங்கூர் மாநிலத்தின் பெயர் அதில் இருக்கிறது. 2011இல் அதை லாக்டோபேசில்லஸுக்குள் கொண்டுபோனார்கள். 2020இல் மறுபடி வெளியே வந்தபோது புதிய பெயர் தேவைப்படவில்லை. 2000இல் முறையாக வெளியான பெயர் அப்படியே காத்திருந்தது.

அதே கட்டுரை குடும்ப அளவில் எதிர்த்திசையில் போனது: லியூகோநாஸ்டோகேசியே குடும்பம் லாக்டோபேசில்லேசியேவுக்குள் கலந்தது. அங்கும் முந்தியது மூத்த பெயரே. லாக்டோபேசில்லேசியே 1917ஆம் ஆண்டுப் பெயர், மற்றது 2010. அண்ணன் தம்பிகள் ஒரே குடும்ப அட்டைக்கு வந்துவிட்டார்கள்.

படி 6: லத்தீனில் பெயர் கட்டுவது

உங்கள் கையில் உண்மையிலேயே புதிய குழு இருந்தால் இப்போது பெயர் வைக்கலாம். பேரினப் பெயர் லத்தீன் பெயர்ச்சொல்லாகவோ லத்தீன் போல ஆக்கப்பட்டதாகவோ, ஒருமையில் இருக்க வேண்டும். அதே பெயர் ஏற்கெனவே வேறொரு பாக்டீரியாவுக்கோ ஆர்க்கியாவுக்கோ பூஞ்சைக்கோ பாசிக்கோ ஒற்றைச்செல் உயிரிக்கோ இருக்கக் கூடாது. உங்கள் பெயரையே வைத்துக்கொள்வது வழக்கத்துக்கு மாறானது.

இரண்டு சொற்களை ஒட்டும்போது முதற்சொல் லத்தீன் என்றால் இ, கிரேக்கம் என்றால் ஓ இணைப்பு உயிராக வரும். நம் புணர்ச்சியில் உடம்படுமெய் வருவதைப் போல. லிமோசஸ் என்றால் லத்தீனில் வழுவழுப்பானது. அந்தக் கூட்டத்தில் பல சிற்றினங்கள் சர்க்கரையிலிருந்து கோழையான பொருளை உண்டாக்குவதால் லிமோசிலாக்டோபேசில்லஸ். லாய்கோஸ் கிரேக்கத்தில் அழிவு. உணவைக் கெடுப்பவை அதில் இருப்பதால் லாய்கோலாக்டோபேசில்லஸ். லெவாரே என்றால் எழச்செய்வது, மாவை எழச்செய்யும் கூட்டம் லெவிலாக்டோபேசில்லஸ். ஃபர்ஃபர் தவிடு, ஏபிஸ் தேனீ, பாம்பஸ் வண்டுத்தேனீ, கேசியஸ் பாலாடைக்கட்டி, பிளாண்டா தாவரம். ஹோல்சாப்ஃபெலியா, டெல்லாலியோவா இரண்டும் இந்தத் துறைக்கு உழைத்த அறிஞர்களின் பெயர்கள். ஒரு சிந்தனையைக் கவனித்தீர்களா? புழக்கத்தில் உள்ள சிற்றினங்களைத் தாங்கும் பேரினங்கள் பெரும்பாலும் “ல” ஒலியிலேயே தொடங்குகின்றன. முதலெழுத்துச் சுருக்கமாக எல். பிளாண்டாரம், எல். ராய்டெரி என்று எழுதும் பழக்கம் உடையக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். பயன்படுத்துபவர்களை நினைத்துப் பெயர் வைப்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

சிற்றின அடைமொழி பேரினப் பெயரின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். “அவன் வந்தான், அது வந்தது” என்று எழுவாயோடு வினை ஒத்துப்போகும் மொழி நம்முடையது, ஆகவே இது நமக்கு அந்நியமல்ல. பேசில்லஸ் ஆண்பால், லியூகோநாஸ்டாக் அலிப்பால். ஒரே பாக்டீரியா முதலில் லாக்டோபேசில்லஸ் ஃப்ரக்டோசஸ். பின்பு லியூகோநாஸ்டாக்குக்குப் போனபோது லியூகோநாஸ்டாக் ஃப்ரக்டோசம். 2008இல் ஃப்ரக்டோபேசில்லஸ் என்ற புதுப் பேரினத்துக்குப் போனபோது மறுபடி ஃப்ரக்டோசஸ். அடைமொழி பெயர்ச்சொல்லாக இருந்தால் இப்படி மாறாது. ஃபெர்மெண்டம் என்றால் புளிமா என்ற பெயர்ச்சொல். அதனால் ஆண்பால் பேரினத்திலும் “அம்” என்றே முடிகிறது.

ஊர்ப்பெயரை அப்படியே ஒட்டினால் இலக்கணப் பிழை. புளித்த மாவு ரொட்டியிலிருந்து வந்த ஒன்றுக்கு 1984இல் லாக்டோபேசில்லஸ் சான்ஃபிரான்சிஸ்கோ என்று வைத்தார்கள், 1997இல் அது சான்ஃபிரான்சிஸ்கென்சிஸ் என்று திருத்தப்பட்டது. சாக்கே என்ற ஜப்பானிய மதுவின் பெயரால் வந்த சாக்கே அதே திருத்தத்தில் சாக்கெயி ஆனது. உங்கள் ஊர்ப்பெயரை வைக்க விரும்பினால் “என்சிஸ்” ஈற்றைச் சேருங்கள், லத்தீன் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

படி 7: இரண்டு நாடுகளில் வைப்பு

டைப் ஸ்ட்ரெயினைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள பொதுச் சேகரங்களில் வைக்க வேண்டும். 2001 முதல் இது கட்டாயம். கேட்டவர் எவருக்கும் தடையின்றிக் கிடைக்கவும் வேண்டும். நம் நாட்டில் சண்டிகரில் எம்டிசிசியும், புணேயில் தேசிய நுண்ணுயிர் வள மையமும் இருக்கின்றன. வெளியே ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட், ஜப்பானின் ஜேசிஎம், கொரியாவின் கேசிடிசி போன்றவை.

இந்திய ஆய்வாளர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு வேலை உண்டு. உயிரியல் வளங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவது 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் பார்வையில் வருகிறது. அதை நடைமுறைப்படுத்தும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான். கட்டுரை எழுதி முடித்தபின் இதைத் தொடங்கினால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். ஜீனோம் முடிவு வந்த அன்றே விண்ணப்ப விதிகளைப் படிக்கத் தொடங்குங்கள்.

படி 8: முறையான வெளியீடு

பெயர் விதிப்படி நிலைபெற, அமைப்புவழி, பரிணாம நுண்ணுயிரியலுக்கான சர்வதேச ஆய்விதழில், அதாவது ஐஜேஎஸ்இஎம்மில் வர வேண்டும். வேறு இதழில் வெளியிட்டால் பெயர் இன்னும் நிலைபெறவில்லை. வைப்புச் சான்றிதழ்களோடு ஐஜேஎஸ்இஎம்முக்கு விண்ணப்பித்து, அது வெளியிடும் ஏற்புப் பட்டியலில் இடம்பெற்ற பிறகே பெயருக்கு உரிமை. கட்டுரையில் சொல்லின் மூலம், பேரினத்தின் விவரணை, டைப் எது என்ற அறிவிப்பு மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும்.

1980 ஜனவரி 1க்கு முன்பு இருந்த பெயர்க் குவியலைச் சுத்தம்செய்ய ஒப்புதல் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் இல்லாத பழைய பெயர்கள் உரிமை இழந்தன. பழைய புத்தகத்தில் பார்த்த பெயர் இன்று எங்கும் இல்லையே என்று திகைப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் அங்கே இருக்கும்.

வளர்க்க முடியாத பாக்டீரியாவுக்கு இந்த வழி திறக்காது. அவற்றுக்கு 1990களில் கேண்டிடேட்டஸ் என்ற தற்காலிக நிலை வந்தது. 2022இல் ஜீனோம் வரிசையையே டைப்பாக ஏற்கும் சீக்கோட் என்ற தனி விதித்தொகுப்பும் வந்தது. இட்லி மாவுக்காரர்களுக்கு அது தேவைப்படாது, உங்கள் பாக்டீரியா தட்டில் வளர்கிறது.

படி 9: புதிய பெயரைப் பயன்படுத்துவது

பழைய பெயர் தவறா என்ற கேள்விக்கு வருவோம். லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்பது இன்றும் முறையாக வெளியிடப்பட்ட பெயரே. எந்த ஆணையமும் அதைத் தடைசெய்யவில்லை. பழைய பரந்த பேரினத்தையே ஏற்கிறேன் என்று ஒருவர் வாதிட்டால் அவர் அந்தப் பெயரை எழுதலாம். ஆனால் அந்த வாதத்துக்குத் தரவு வேண்டும், 2020க்குப் பிறகு அது எளிதல்ல. துறையும் புதிய பெயர்களையே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே அறிக்கையில் புதிய பெயரை எழுதுங்கள். முதல் முறை வரும்போது மட்டும் “முன்பு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம்” என்று சேருங்கள். மருந்துக் கடைக் குப்பிகளிலும் பழைய கட்டுரைகளிலும் பழைய பெயரே இருக்கும், வாசகர் இரண்டையும் இணைக்க அது உதவும்.

பெயருக்குப் பின்னால் வரும் ஆசிரியர் குறிப்பைப் படிக்கப் பழகுங்கள். லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம் (ஓர்லா-ஜென்சன் 1919) ஜெங் மற்றும் பிறர் 2020 என்று இருந்தால், அடைப்புக்குறிக்குள் இருப்பவர் பிளாண்டாரம் என்ற அடைமொழியை முதலில் தந்தவர், வெளியே இருப்பவர்கள் அதை இன்றைய பேரினத்துக்கு மாற்றியவர்கள். நூறு ஆண்டு வரலாறு ஒரே வரியில் இருக்கிறது.

எந்தப் பெயரையும் எழுதும் முன் எல்பிஎஸ்என் தளத்தில் தேடுங்கள். 1997இல் ஜான் யூஸேபி என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது, இப்போது டிஎஸ்எம்இசட் நடத்துகிறது. பெயர் முறையாக வெளியானதா, டைப் ஸ்ட்ரெயின் எது, மாற்றுப் பெயர்கள் எவை என்று எல்லாம் அங்கே கிடைக்கும். ஜிடிடிபி என்ற ஜீனோம் வகைப்பாட்டுத் தளத்தில் பேரினப் பெயருக்குப் பின்னால் அடிக்கோடும் ஓர் எழுத்தும் பார்த்தால், அது கணினி வைத்த இடக்குறி என்று புரிந்துகொள்ளுங்கள். விதிப்படியான பெயர் என்று நினைத்து அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

குறிப்பேட்டில் சிற்றினப் பெயருக்குப் பக்கத்தில் ஸ்ட்ரெயின் எண்ணையும், எந்த மாவு, எந்தத் தேதி, எந்தத் தரவுத்தளத்தில் எந்த நாளில் ஒப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். குப்பியின் மேல் சிற்றினப் பெயரை எழுதாமல் ஸ்ட்ரெயின் எண்ணை மட்டும் எழுதி உறைபெட்டியில் வையுங்கள். பேரினம் மறுபடி பிரிந்தால் குறிப்பேட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும், குப்பியைத் தொட வேண்டியிருக்காது.